புக்கெட் – சிங்கப்பூர்: ஒன்றே முக்கால் மணி நேரம்

விமான டிக்கெட் போட்டுக்கொடுக்கும் தொழிலில் தூரம் குறையக் குறையத் தலைவலி கூடும். அமெரிக்காவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறவர் மூன்று விமானம் மாறச் சொன்னாலும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். நடுவில் பத்து மணி நேரம் எங்கேயோ உட்கார வேண்டும் என்றாலும், 'சரிங்க, உக்காந்துக்கறேன்' என்பார். ஆனால் கடற்கரையில் நான்கு நாள் கிடந்துவிட்டு அங்கிருந்து பக்கத்து நாட்டு நகரத்துக்கு ஒரு சின்னத் தாவல் தாவ வேண்டும் என்று ஒருவர் வந்தால் தீர்ந்தது. அவர் கேள்விகளுக்கு நாங்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் அந்த விமானம் நான்கு தடவை போய்த் திரும்பிவிடும்.

எங்கள் அலுவலகம் கோயமுத்தூர் துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டின் மேலேயே, ஒரு பேக்கரிக்கு மாடியில் இருக்கிறது. நான், என் கூட்டாளி பஷீர் பாய், இரண்டு கம்ப்யூட்டர், மழைக்காலத்தில் வேலை செய்யாத ஒரு பிரிண்டர். டிக்கெட் என் பொறுப்பு, விசா அவர் பொறுப்பு, சமாதானம் சொல்வது இருவர் பொறுப்பு. நீங்களும் இதே பிழைப்பில் இருந்தால் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. வீட்டில் நாலு பேருக்குப் பயணத் திட்டம் போட்டுக்கொடுத்து எட்டு பேரிடம் பேச்சு வாங்கியவராக இருந்தாலும் நீங்கள் நம்ம ஆள்தான்.

காங்கேயம் கணக்கு

காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் குடும்பத்தோடு புக்கெட் கடற்கரைக்குப் போய், அங்கிருந்து சிங்கப்பூர் பார்த்துவிட்டு ஊர் திரும்ப ஆசைப்பட்டார். புக்கெட்டிலிருந்து சிங்கப்பூர் ஒன்றே முக்கால் மணி நேரம். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். அது தாய்லாந்து, இது வேறு நாடு. அங்கே வெளியேறும் முத்திரை, இங்கே நுழையும் முத்திரை. அதற்கு விசா, அதற்குப் போட்டோ, போட்டோவில் சிரிக்கக்கூடாது.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பேக்கரியிலிருந்து வந்த டீயைக் குடித்து முடித்து, டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க, காங்கேயத்துலிருந்து உங்க ஆபீசுக்கு வாரதுக்கே ரெண்டு மணி நேரமாச்சுங்க. எவனும் ஒரு முத்திரையும் குத்தலீங்க."

மேடையும் சேலையும்

இவரெல்லாம் எளிய ஆசாமி. என்னை உண்மையில் ஆட்டி வைத்தது பல்லடத்துப் பூங்கொடி அம்மணியின் டிக்கெட். பல்லடத்தில் கோழித் தீவனக் கடை நடத்துகிறவர். அவர் கணவர் சாமிநாதன் ஊருக்கு வெளியே பண்ணை பார்த்துக்கொள்கிறார். அந்த வருடம் தீவனக் கம்பெனியின் விற்பனையில் பூங்கொடிக்கு முதலிடம். டீலர்கள் எல்லாரையும் கம்பெனி புக்கெட்டுக்கு அழைத்துப் போகிறது. புதன்கிழமை சாயங்காலம் ஒரு ரிசார்ட்டில் மேடை போட்டு அவருக்குக் கேடயம் கொடுக்கப் போகிறார்கள். ஒரு பெண் டீலருக்கு முதலிடம் கிடைப்பது அதுதான் முதல் தடவை.

சிக்கல் என்னவென்றால், அதே வாரம் வெள்ளிக்கிழமை காலை பல்லடத்தில் அவர் தம்பி கார்த்திக்குக் கல்யாணம். எங்கள் பக்கம் பையன்களுக்குப் பெண் கிடைப்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும். எட்டு வருடம் தேடி, முப்பத்தாறு வயதில் அமைந்திருக்கிறது. பெண் வீட்டார் சொன்ன தேதியைத் தள்ளிப்போடச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. தாலி கட்டுவதற்கு முன்னால் எங்கள் பக்கம் இணைச்சீர் என்று ஒன்று செய்வார்கள். மணப்பெண்ணுக்கான கூறைச்சேலையின் தலைப்பைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவனுடைய அக்காவோ தங்கையோ நிற்க வேண்டும். கூடப்பிறந்தவள் இல்லாவிட்டால் பங்காளி வகையில் ஒருத்தியை நிறுத்தலாம்.

டீலர் கூட்டம் சனிக்கிழமைதான் திரும்புகிறது. இவர் மட்டும் வியாழக்கிழமை கிளம்ப வேண்டும். கோயமுத்தூருக்கு சிங்கப்பூரிலிருந்து நேர் விமானம் சாயங்காலம் ஒன்றே ஒன்று. அதைப் பிடிக்க மத்தியானத்துக்குள் புக்கெட்டிலிருந்து சிங்கப்பூர் வந்தாக வேண்டும். ஆக, மேடைக்கும் சேலைக்கும் நடுவில் இருப்பது அந்த ஒன்றே முக்கால் மணி நேரம்தான். பஷீர் பாய், "ஏதாவது ஒன்ன உட்டுக்குடுத்தா நிம்மதியா இருக்கலாமேம்மா" என்றார். பூங்கொடி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னிடம் சொன்னார்: "எஞ்சித்தப்பா மக இப்பவே ஜாக்கெட்டுத் தெக்கக் குடுத்துப்போட்டாளுங்கண்ணா. அவ நிக்கறத நாம் பாக்கக்கூடாதுங்க."

தெற்கே சூலம்

பன்னிரண்டு நாற்பதுக்குப் புக்கெட்டில் ஏறினால் சரியாக இருந்தது. டிக்கெட் போட விரலைப் பொத்தானுக்குக் கொண்டுபோன நேரத்தில், "அண்ணா, இந்தப் பிளைட்டு எந்தத் திசையில போகுதுங்க?" என்று கேட்டார். இருபது வருடத்தில் ஜன்னல் ஓரமா, சைவச் சாப்பாடா என்றுதான் கேட்டிருக்கிறார்கள். வரைபடத்தைத் திறந்து காட்டினேன். புக்கெட் மேலே, சிங்கப்பூர் கீழே. சந்தேகத்துக்கே இடமில்லாத தெற்கு. சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் புரட்டி வியாழக்கிழமைத் தாளைக் காட்டினார். சூலம் தெற்கு, அதாவது அன்றைக்குத் தெற்கே கிளம்பக்கூடாது. பரிகாரம் தைலம்.

தைலத்தைக் கையில் எடுத்துப் போகலாம், நூறு மில்லிக்கு மேல் இருந்தால் பிடுங்கிவிடுவார்கள் என்றேன். அது அவருக்குத் திருப்தியாக இல்லை. தம்பி கல்யாண விஷயத்தில் எதுவும் பிசகக்கூடாது, வேறு நாள் பாருங்கள் என்றார். வேறு நாள் இல்லை. வியாபாரம் கைநழுவுகிற நேரத்தில் எனக்குப் புத்தி கண்டபடி வேலை செய்யும். "அம்மணி, பரஸ்தானம் வெச்சிருங்க" என்றேன். ஆகாத நாளில் கிளம்ப வேண்டியிருந்தால், முந்தின நாளே நல்ல நேரத்தில் நம் சாமானை எடுத்துப்போய் வேறு இடத்தில் வைத்துவிடுவது. அப்போதே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. புதன்கிழமை தெற்கே சூலம் கிடையாது. புதனன்றே பையை ரிசார்ட்டின் வரவேற்பில் ஒப்படைத்துவிட்டால், வியாழனன்று அவர் செய்வது பாதிப் பயணம்தான்.

முகம் மலர்ந்துவிட்டது. 'பையில் என்ன இருக்கோணும்' என்று கேட்டார். இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். "பயணத்துக்கு எது ரொம்ப முக்கியமோ அது இருக்கோணுமுங்க" என்றேன். அவர் போனதும் இதெல்லாம் சரிதானா என்று பஷீர் பாயைக் கேட்டேன். "தொழுகைக்குக் கிப்லா எந்தப் பக்கமுன்னு கேட்டா நாஞ் சொல்லுவேன்" என்றார் அவர். "சூலத்துக்கு நீங்களே பொறுப்பு."

மூன்று கோழி எடை

இரண்டு விமானமும் வேறு வேறு கம்பெனி. பெரிய பெட்டியை உள்ளே போட்டால் சிங்கப்பூரில் வெளியே வந்து எடுத்து மறுபடி போட வேண்டும். வெளியே வர விசா வேண்டும். அதற்கு நாள் இல்லை. ஆகையால் கைப்பை மட்டும், ஏழு கிலோவுக்குள், விமான நிலையத்தை விட்டு வெளியே வராமலே அடுத்த விமானம். இதை அவருக்குப் போனில் நான்கு முறை சொன்னேன். தம்பி பெண்டாட்டிக்கு ஒன்றும் வாங்கி வரக்கூடாதா என்று ஐந்தாவது முறை கேட்டார். எட்டாவது கிலோவில் என்ன ஆகும் என்று நான் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

சாமிநாதன் போனை வாங்கிக்கொண்டார். நிதானமான மனிதர். பையைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டதாகச் சொன்னார். "சுருக்கமாச் சொல்லியிருந்தா அப்பவே புரிஞ்சிருக்குமுங்க. மூணு கோழி வெயிட்டுக்கு மேல கூடாது. அதானுங்களே?"

எந்த ஊர் ராகு காலம்

டிக்கெட்டில் கிளம்பும் நேரம் பன்னிரண்டு நாற்பது, சேரும் நேரம் மூன்று இருபத்தைந்து என்று இருந்தது. ஒன்றே முக்கால் மணி நேரம் என்று சொல்லி ஏமாற்றிவிட்டதாகக் குற்றச்சாட்டு வந்தது. சிங்கப்பூர் கடிகாரம் புக்கெட்டைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது, புக்கெட்டில் ஒன்றரை என்றால் சிங்கப்பூரில் இரண்டரை, பல்லடத்தில் பன்னிரண்டு என்று தாளில் மூன்று கடிகாரம் வரைந்து போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே அடுத்த கேள்வி. வியாழன் ராகு காலம் ஒன்றரையிலிருந்து மூன்று. அது எந்த ஊர் ஒன்றரை? புக்கெட் ஒன்றரை என்றால் வானத்தில் இருப்பார். பல்லடம் ஒன்றரை என்றால் சிங்கப்பூரில் இறங்கியிருப்பார். ஆள் எங்கே இருந்தாலும் கல்யாணம் பல்லடத்தில்தான், ஆகையால் பல்லடம் நேரம்தான் செல்லும் என்று நானாக ஒரு தீர்ப்புச் சொன்னேன்.

பின்னாலிருந்து சாமிநாதன் குரல் கேட்டது: "எங்க கோழிக்கு இதெல்லாம் கிடையாதுங்க. வெளிச்சம் வந்தா எந்திரிக்கும், அவ்வளவுதான்."

முன்னால் போன பை

புதன்கிழமை மேடை நன்றாக நடந்தது. கேடயத்தோடு போட்டோ வந்தது. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, புக்கெட்டில் எட்டரை, பூங்கொடியிடமிருந்து போன். குரல் தணிந்திருந்தது. பையைக் காணவில்லை.

நடந்தது இதுதான். நான் சொன்னபடியே புதன் மாலை நல்ல நேரத்தில் பையை வரவேற்பில் ஒப்படைத்திருக்கிறார். கம்பெனி எல்லா டீலர்களின் பையிலும் பச்சை அட்டை கட்டியிருந்தது. இவர் பையிலும் கட்டியிருந்தது. வியாழன் காலை புக்கெட் நேரம் ஏழரைக்கு மற்ற டீலர்கள் இருபத்தேழு பேரும் ஒரு தீவுக்குப் போக பஸ்ஸில் படகுத்துறைக்குக் கிளம்பினார்கள். ரிசார்ட் ஆட்கள் பச்சை அட்டை கட்டிய பைகளையெல்லாம் அள்ளிப் பஸ்ஸில் போட்டுவிட்டார்கள். ஒன்பதரைக்குப் படகு. படகில் ஏறிவிட்டால் பை திரும்ப இரண்டு நாள் ஆகும்.

துணிமணி போனால் போகட்டும் அம்மணி, நீங்கள் கிளம்பி ஏர்போர்ட்டுக்குப் போங்கள் என்றேன். 'துணி போனாப் போவட்டுங்கண்ணா' என்றார். நான் கேட்காமலே தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர் சொன்னார்: "பயணத்துக்கு எது ரொம்ப முக்கியமோ அத வெக்கச் சொன்னீங்களேண்ணா. பாஸ்போர்ட்டு அதுக்குள்ளதான் இருக்குது."

விலைக் குழு

கம்பெனிச் சுற்றுலா மேலாளருக்கு ஆறு தடவை அடித்தேன். எடுக்கவில்லை. பஸ்ஸில் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்களாம். பூங்கொடி அழைத்த டீலர்களும் எடுக்கவில்லை. பஷீர் பாய் தனக்குத் தெரிந்த ஏஜென்ட் ஒருவரைப் பிடித்தார். அவர் இருந்தது பாங்காக்கில். அந்த அரை மணி நேரம் என் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சூலத்துக்கு மருந்து சொல்லப்போய் ஒரு பெண்ணைத் தம்பி கல்யாணத்துக்கு வரவிடாமல் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

சாமிநாதனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "ஏழரைதானுங்க ஆகப்போகுது. இருங்க" என்று வைத்துவிட்டார். பல்லடம் வட்டாரத்துக் கோழிக்காரர்கள், தீவன டீலர்கள் எல்லாருக்கும் வாட்ஸப்பில் ஒரு குழு உண்டு. தினமும் நம்ம ஊர் காலை ஏழரைக்கு, புக்கெட்டில் ஒன்பது, அன்றைய கோழி விலை அதில் வரும். விலையைப் போடுவது சாமிநாதன். பெண்டாட்டி போனை எடுக்காதவன்கூட ஏழரைக்கு அந்தக் குழுவைப் பார்க்காமல் இருக்க மாட்டான். புக்கெட் ஆனால் என்ன, புளியம்பட்டி ஆனால் என்ன. அன்றைக்கு விலை வரவேண்டிய இடத்தில் சாமிநாதன் போட்டது: 'பூங்கொடி பை உங்க பஸ்ஸுல இருக்குது. பாஸ்போர்ட் உள்ள. படகுல ஏத்தாதீங்க. யாராச்சும் ஏர்போர்ட்டுக்குக் கொண்டாங்க. விலை அப்பறம்.'

இருபத்தேழு பேரும் ஒரே சமயத்தில் படித்திருக்கிறார்கள். பை அகப்பட்டது. அதை எடுத்துக்கொண்டு டாக்ஸி பிடித்தவர் கதிர்வேல். பூங்கொடி கடைக்கு எதிர்க்கடைக்காரர். ஐந்து வருடம் தொடர்ந்து முதல் பரிசு வாங்கி, இந்த வருடம் இரண்டாம் இடத்துக்குப் போனவர். முந்தின நாள் மேடைக்குக் கீழே கை தட்டாமல் உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான் என்று பூங்கொடி பிறகு சொன்னார். ஒன்றரை மணி நேரம் டாக்ஸியில் வந்து, கவுண்ட்டர் மூட அரை மணி இருக்கும்போது விமான நிலைய வாசலில் பையை நீட்டினார். பூங்கொடி பையை வாங்கிக்கொண்டார். 'உங்க படகு போயிருச்சுங்களே' என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அதற்குக் கதிர்வேல் சொன்னது: "முதல் பரிசே போச்சுங்க. படகு போனா என்னங்கம்மணி."

வரிசை

பை கிடைத்தது, பாஸ்போர்ட் கிடைத்தது, இனி என் வேலை முடிந்தது என்று நான் இட்லி சாப்பிட உட்கார்ந்தேன். பத்தேகாலுக்கு, புக்கெட்டில் பதினொன்றே முக்கால், சந்தேகம் வந்து கூப்பிட்டால், அம்மணி இன்னும் சோதனை வரிசையிலேயே நிற்கிறார். கைக்குழந்தையோடு ஒரு அம்மா வந்தார், முன்னால் விட்டாராம். வயதான வெள்ளைக்காரத் தம்பதி, விட்டாராம். ஒரு கல்லூரிக் கூட்டம் அவசரம் என்றதாம், அதையும் விட்டாராம். அவர்கள் எல்லாருடைய விமானமும் இவருடையதற்குப் பிறகு. நான் இட்லியைத் தள்ளிவைத்துவிட்டு, அம்மணி, இனிமேல் ஒருத்தரையும் விடக்கூடாது என்று கிட்டத்தட்ட அதட்டினேன். அவர் சாவகாசமாகச் சொன்னார்: "இடிச்சுட்டா போறதுங்கண்ணா? அவியளும் ஊட்டுக்குத்தானுங்களே போறாங்க."

பல்லடம் மண்டபம்

ஆனாலும் ஏறிவிட்டார். சிங்கப்பூரில் மாறினார், கோயமுத்தூரில் இறங்கினார். வெள்ளிக்கிழமை காலை நானும் பஷீர் பாயும் பல்லடத்துக்குப் போனோம். அழைப்பு இருந்தது. இல்லாவிட்டாலும் போயிருப்பேன். அந்தச் சேலைத் தலைப்பை அவர் பிடித்திருப்பதை என் கண்ணால் பார்த்தால்தான் அந்த டிக்கெட் எனக்கு முடிந்ததாக அர்த்தம்.

மணவறையில் சீர் செய்து வைக்கும் அருமைக்காரர், "அக்காளக் கூப்புடுங்க" என்றார். பூங்கொடி வந்து நின்றார். கண் இரண்டும் வீங்கியிருந்தது, தலையில் பூ மட்டும் புதிது. சித்தப்பா மகள் புது ஜாக்கெட்டோடு ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். பூங்கொடி கூறைச்சேலையின் தலைப்பைக் கையில் வாங்கினார். இருபது வருடத்தில் ஆயிரக்கணக்கானவர்களை ஏற்றி இறக்கியிருக்கிறேன். ஒருவர் எதற்காகப் போய்ச் சேர்ந்தார் என்பதை நேரில் நின்று பார்த்தது அன்றைக்குத்தான்.

பந்தியில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது மாப்பிள்ளை கார்த்தி மாலையோடு வந்து எல்லாரையும் விசாரித்தார். பரஸ்தானம் சொன்னது நான்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சிரித்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. அக்கா அந்த விமானத்தை விட்டிருந்தால் என்ன செய்திருப்பீர்கள், சித்தப்பா மகளை நிறுத்தியிருப்பீர்களா என்று கேட்டேன். அவர் பக்கத்து இலைக்குப் பாயசம் வந்ததா என்று பார்த்துக்கொண்டே சொன்னார்: "எட்டு வருசம் பொண்ணுக்குக் காத்திருந்தனுங்க. எங்கக்காளுக்கு இன்னொரு நாள் காத்திருக்க மாட்டனுங்களா? பை காணோமுன்னதுமே, தேவைன்னா ஒரு நாள் தள்ளிக்கலாமுன்னு பொண்ணு ஊட்ல வியாழக்கிழமையே சொல்லி வெச்சுப்போட்டேன்."

நாங்கள் நாலு பேர் மூன்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நெஞ்சைப் பிடித்தபடி காப்பாற்றிக் கொடுத்த முகூர்த்தத்தை மாப்பிள்ளை வியாழக்கிழமை காலையே தள்ளிவைக்கத் தயாராகிவிட்டார் என்பதை, பந்தியில் பாயசம் வருகிற வரைக்கும் டிக்கெட் போட்டவனிடம் யாரும் சொல்வதில்லை.